பச்சையாகக் கூடாத மூன்று புட்டிகள்

சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். போலீஸ்காரர் அல்ல. கடல் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அமிலத் தொட்டியில் புட்டிகளை ஊறவைத்து எடுப்பதால் ‘ஆசிட் அண்ணன்’. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவர் சந்தேகப்படுவது இரும்பை. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்கிறது. நிலத்துச் செடிகொடிகள் எல்லாம் சேர்ந்து வெயிலில் எவ்வளவு சமைக்கின்றனவோ, ஏறக்குறைய அதே அளவு இந்தப் பொடிசுகளும் சமைக்கின்றன. மீனிலிருந்து திமிங்கலம் வரை அந்தப் பந்தியில்தான் உட்கார வேண்டும். ஆனால் நடுக்கடலில் சில இடங்களில் வெயில் இருக்கும், மற்ற சத்தெல்லாம் இருக்கும், பாசி மட்டும் பெருகாது. கரையிலிருந்து காற்று அள்ளிப்போகும் இரும்புத் தூசு அவ்வளவு தூரம் போதுமான அளவு எட்டுவதில்லை என்பதே காரணம். எட்டிவிட்டால் சிட்டிகைகூட வேண்டாம். நாலைந்து நாளில் நீர் பச்சையாகிவிடும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தின் தலைவி, எல்லோருக்கும் ‘மேடம்’, அந்தக் கடல்நீரைப் பீப்பாய்களில் கொண்டுவந்திருந்தார். ஒரு தடவைக்கு ஆறு புட்டி. மூன்றில் இரும்பு சேர்ப்பார்கள். அவை பச்சையாக வேண்டும். மற்ற மூன்றும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆபீஸ் போய் வருகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த மூன்றிலும் துளி இரும்பு படக் கூடாது; அதனால் அண்ணன் அறையில் கடிகாரம் இல்லை. பெல்ட் இல்லை, கால்சட்டையை நாடாவால் கட்டியிருப்பார். வாசலிலேயே புதுக் கையுறை. கல்யாண மோதிரம்கூட வீட்டிலேயே தங்கிவிடும். அவர் மனைவிக்கு அதில் ஒரு சந்தேகம்.

“கல்யாணமான ஆளுன்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாதா?”

“அந்தத் தங்கத்துல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“எங்கப்பா போட்ட மோதிரம் அது.”

“அதனாலதான் கேக்குறேன்.”

ஒருநாள் மூன்று காலிப் புட்டிகளைக் காணவில்லை. அறைகளைத் துடைக்கும் பெண்மீது அவர் கண் போயிற்று.

“தண்ணி குடிக்க எடுத்துட்டுப் போனியாம்மா?”

“உங்க ஆசிட்ல ஊறின புட்டியில தண்ணி குடிக்க, எனக்கென்ன வாழ்க்கை வெறுத்தா போச்சு அண்ணே?”

அன்றைக்கே மனு எழுதிப் புட்டி அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினார். காணாமல் போன புட்டிகள் மறுவாரம் அவருடைய உலர்த்தும் தட்டுக்குப் பின்னாலேயே கிடைத்தன. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. எடுத்தவர் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கலாம் அல்லவா?

அதன்பிறகுதான் வினை. ஆறு புட்டிகளும் பச்சை. நீரை மாற்றி மறுபடி வைத்தார்கள். மறுபடியும் ஆறும் பச்சை.

“துடைக்க வர்ற பொண்ணு தூசியையும் கூட்டிட்டு வருது மேடம்,” என்றார் அண்ணன்.

“இன்னும் ஒரு பீப்பாய்தான் இருக்கு. அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான். இந்த மாசக் கடைசியோட அந்தம்மாவை மாத்தச் சொல்லிடுறேன்.”

காண்டிராக்ட் ஆளை மாற்றுவது என்றால் வேறு இடத்துக்கு அல்ல, வீட்டுக்கு.

திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தபோது கையுறையின் கட்டைவிரலில் டீக்கறை போல ஒரு கோடு இருப்பதை அண்ணன் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். அமில ஆவி பட்டுப் பட்டு அது துருப்பிடித்திருந்தது. தினமும் புதுக் கையுறை மாட்டிய கையோடுதான் பூட்டைத் திறக்கிறார். அதே கையோடுதான் புட்டி மூடிகளையும். கதவு, காற்று, மாமனார் என்று எல்லாவற்றையும் சந்தேகித்த மனிதர், காவலுக்கு வைத்ததைச் சந்தேகிக்க மறந்துவிட்டார்.

பழைய பீப்பாயின் அடியில் மிச்சம் கிடந்த நீரை இரண்டு புட்டிகளில் ஊற்றினார். ஒன்றின் மூடியைத் துருப்பட்ட கையுறையால் திறந்து மூடினார், மற்றதைப் புதுக் கையுறையால். வெள்ளிக்கிழமை ஒன்று பச்சை, ஒன்று தெளிவு.

பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்ற யோசனை அவருக்கு வரவே இல்லை என்று எழுத ஆசைதான். வந்தது. இரண்டு நாள் தங்கியும் இருந்தது. பிறகு இரண்டு புட்டிகளையும் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனார்.

“பூட்டுல துரு மேடம். நான் போட்ட பூட்டு, அதைத் தொட்டதும் என் கை. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

“அந்தம்மா வந்து உங்ககிட்ட அழுதாங்களா?”

“என்கிட்ட பேசறதையே விட்டுட்டா மேடம்.”

“இந்தப் புட்டியைப் பச்சையாக்கினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப பச்சையாக்க உங்களுக்குத் தெரியும்.”

இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் சந்தேகத்தின் எதிர்ப்பக்கம் நிற்பது அதுவே முதல் தடவை. அங்கே நிற்க இடமே இல்லை என்று பிறகு மனைவியிடம் சொன்னாராம்.

மேடம் யோசித்தார். பூட்டைக் கழற்றச் சொன்னார். கடைசிப் பீப்பாயைத் திறக்கச் சொன்னார். “உங்களை நம்பறேன். ஆனாலும் நீங்க வேலை செய்யும்போது ஒரு ஆள் பக்கத்துல உட்கார்ந்து பாக்கட்டும்.” கை ஓய்வாக இருந்த ஆள் ஒருவர்தான்; மாசக் கடைசியோடு மாற்றப்பட இருந்தவர்.

ஐந்து நாள் அந்தப் பெண் கண் கொட்டாமல் அண்ணனைப் பார்த்தார். ஐந்தாம் நாள் மூன்று புட்டி பச்சை. மூன்று புட்டி சும்மா இருந்தன.

மேடம் கோப்பில் எழுதினார்: “பூட்டு காரணமாக இருக்கலாம். யாரோ இரும்பு கலந்துவந்ததைப் பயந்து நிறுத்தியதாகவும் இருக்கலாம். பூட்டு வேண்டாம். கண்காணிக்க அந்தப் பெண்ணே தொடரட்டும்.”

மறுநாள் அண்ணன் வந்தபோது அந்தப் பெண் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணே பாக்குறீங்க? கொண்டை ஊசியைக்கூட கழட்டி வெளியில வெச்சுட்டுதான் வந்தேன். ஸ்டூலும் பிளாஸ்டிக்.”

“பிளாஸ்டிக்னு யார் சொன்னா?”

“பாத்தா தெரியல?”

அண்ணன் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். காலுக்கு ஒன்றாக நான்கு திருகாணிகள், நன்றாகத் துருப்பிடித்தவை.

“கொஞ்சம் எழுந்திரும்மா,” என்றார்.