டியூப்லைட்டுக்கு எதிரே ஒரு பாட்டில்

போன மார்கழியில் திருவள்ளூரில், ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நடந்தது இது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காக்களூரில் சலைன் பாட்டில் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகக் கவிழ்த்து, லேசாகச் சுழற்றி, கறுப்புப் பலகைக்கு எதிரே ஒரு முறை, வெள்ளைப் பலகைக்கு எதிரே ஒரு முறை பார்க்க வேண்டும். தூசியோ நாரோ தெரிந்தால் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான். "உக்காந்துகினு தண்ணிய வேடிக்கை பாக்குறதுக்கு சம்பளமா அண்ணி?" என்று என் கொழுந்தனார் கிண்டல் செய்வார். எனக்கே சில நாள் அப்படித்தான் தோன்றும்.

அன்று காலை தூறலில் வேலைக்குக் கிளம்பிய என் கணவர், மணவாள நகரைத் தாண்டுவதற்குள் பைக் சறுக்கி விழுந்துவிட்டார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்திருக்கிறது. எத்தனை சொன்னாலும் கேட்கிற ஜென்மம் இல்லை. நானும் கொழுந்தனாரும் மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளை வீங்கிக்கொண்டிருக்கிறது, சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். வழியில் உயிர் தாங்க வேண்டுமானால் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை இங்கேயே ஏற்றத் தொடங்கிவிட வேண்டுமாம். மருந்தின் பெயர் மேனிடால். வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது.

கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒருவர் பாட்டிலோடு வந்தார். வந்தவர் அதை மாட்டவில்லை. டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, லேசாகச் சுழற்றினார். நான் தினமும் செய்கிற அதே வேலை! உள்ளே ஊசி ஊசியாக ஏதோ மின்னிக்கொண்டு இறங்கியது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு பாட்டில் எடுத்து வந்தார். அதிலும் அதே மினுமினுப்பு. ஏசி அறையில் இருந்த எல்லாமே குளிரில் அப்படி ஆகியிருந்தன.

கொழுந்தனார் பொறுமை இழந்துவிட்டார். "இன்னா சிஸ்டர், ஒரு பாட்டிலு மாட்ட இம்மா நேரமா? அங்க எங்க அண்ணன் பேச்சு மூச்சில்லாம கெடக்குறாரு!"

"மருந்து உறைஞ்சிகினு கீதுப்பா. இதை அப்படியே ஏத்தக் கூடாது. சுடுதண்ணில வெச்சா கரைஞ்சிடும். இது ஒரு மாதிரி சக்கரைதான்."

"சக்கரையா? அவருக்கு சுகர் கீதே! அண்ணி, வேணாம்னு சொல்லு!"

சிஸ்டருக்குக் கோபமே வரவில்லை. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பாட்டிலைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னார். "இது சக்கரைக்கு சொந்தக்காரன், அவ்ளோதான். குணம் வேற. ஒடம்புல தங்காது. மூளையில கீற தண்ணிய இஸ்துகினு மூத்திரத்துல போயிடும்."

'எதையாவது மாட்டித் தொலையுங்களேன்' என்று கத்த எனக்கும் வாய் துடித்தது. உள்ளே கிடப்பது என் புருஷன். ஆனால் அந்த ஊசிகளை என் கண்ணும் பார்த்துவிட்டது. வேலை மேஜையில் இப்படி ஒன்று வந்தால், மேனேஜரே வந்து நின்றாலும் நான் விடமாட்டேன். "உடு தம்பி, அவங்க செய்யறதுதான் சரி" என்று கொழுந்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சிஸ்டர் பாட்டிலைக் குலுக்கினார். வெளிச்சத்தில் பார்த்தார். போதாதென்று மறுபடி சுடுதண்ணீரில் வைத்தார். நன்றாகத் தெளிந்த பிறகும், குழந்தையின் பால் பாட்டிலைச் சோதிப்பதுபோல் மணிக்கட்டில் வைத்து, சூடு ஆறும் வரை காத்திருந்தார். கடைசியாக ஒரு தடவை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கினார். நானும் கூடவே எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை மாட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸ் கிளம்பியது.

கணவர் பிழைத்துவிட்டார். ஆபரேஷன் செய்த டாக்டர், வழியிலேயே வீக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டதால்தான் இவ்வளவு தூரம் தாங்கினார் என்றார். இப்போது தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஹெல்மெட்தான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பொங்கல் முடிந்து அந்த சிஸ்டரைப் பார்க்கப் போனோம். முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும் தன் வேலையில் ஒரு பிசகு வராமல் நிற்கும் அந்தத் தைரியம் யாருக்கு வரும்! நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அட, நீ பாத்து அனுப்புறதத்தாம்மா நான் இங்க மறுபடியும் பாக்குறேன்!"

மறுநாள் வேலைக்குப் போய் விளக்கின் முன்னால் உட்கார்ந்து முதல் பாட்டிலைக் கவிழ்த்தேன். இது மாட்டப்போகும் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னைப்போல் ஒருத்தி பாட்டிலையே பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் அவளுக்காகத்தான் பார்க்கிறேன்.