ரோஜாப் பாத்தியில் சாக்லேட் வாசனை

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவருக்குத் தெருவில் 'பிரேக்' என்று பெயர். எறும்பு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி, அதன் சொந்தபந்தமெல்லாம் கடந்து முடிக்கும்வரை காத்திருந்தவராம். அவருடைய நாய் அதற்கு நேர்மாறு, எதன் முன்னாலும் நிற்காது. செருப்பு, சோப்பு, மைத்துனனின் கல்யாண போட்டோ எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

அந்த மைத்துனனுக்கு சாக்லேட் தொழிற்சாலையில் வேலை. அக்காவின் ரோஜாவுக்கு அடிமண்ணை மறைத்து மூடாக்குப் போட, அங்கே கழித்துப்போட்ட கோகோ கொட்டைத் தோலை மூட்டையாகக் கொண்டுவந்து பரப்பினான். மண் காயவில்லை, களை தலைகாட்டவில்லை. வாசனையோ, ஜலதோஷக்காரர்களைக்கூட மதில் ஓரம் நிறுத்தி வைத்தது. ரோஜாக்கள் முட்டைக்கோஸ் அளவுக்குப் பூத்தன.

ஒருநாள் நாய் பாத்தியை மேய்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வாந்தி, நடுக்கம், நெஞ்சு படபடப்பு. கால்நடை மருத்துவர் எப்படியோ காப்பாற்றிக் கொடுத்தார். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாதது எதுவோ அதுதான் இந்தத் தோலிலும் இருக்கிறது, மறுபடி தின்றால் பிழைக்குமென்று சொல்ல முடியாது என்றார்.

வீடு வந்ததும் நாயை உள்ளே அடைத்துவிட்டு, பிரேக் பாத்தியில் குழாயைத் திறந்துவிட்டார். பஸ் கழுவிப் பழகிய கை, எதுவும் கழுவினால் போய்விடும் என்று நம்பியது. ஈரம் பட்டதும் வாசனை குப்பென்று கிளம்பியது. உள்ளேயிருந்து நாய் கதவைப் பிறாண்டியது.

மண்வெட்டியை எடுத்தார். மேல்மண்ணோடு வழித்தெடுத்தால்தான் தீரும், ஆனால் ரோஜா வேர் அறுபடும். மனைவி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பூத்திருக்கிறது, நாயைக் கட்டிப்போட்டால் ஆகாதா என்றாள்.

"கட்டுன கயித்தயே தின்னுட்டு வரும்மா அது. செடி போனா வேற வச்சுக்கலாம்."

இடுப்பு பிடித்துக்கொண்டது. தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, சல்லடையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒட்டிக்கொண்டிருந்த தோலையெல்லாம் சலித்தெடுத்தாள். கடைசியில் பாத்தியில் காய்ந்த இலைகளைப் பரப்பினார்கள்.

அடுத்த வாரம் மைத்துனன் புது மூட்டையோடு வாசலில் நின்றான். பிரேக் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"தம்பி, நீ உள்ள வா. மூட்டை வரக்கூடாது."

விஷயம் கேட்டு அவன் முகம் வெளிறியது. பிரேக் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வேற யார் யார் வீட்டுல குடுத்திருக்க?"

"நெறைய பேருக்குக் குடுத்துட்டேனே, மாமா."

"நாய் இருக்குற வீட்டுக்கு மொதல்ல போவோம். நட."