மாலை போட்டு வந்த கம்ப்ரஷர்

அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவின் முன்னாலிருக்கும் சின்ன இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா இருந்தார், கொழும்பிலிருந்து வந்த மாமா இருந்தார், மேளக்காரர்கள் இருந்தார்கள், லயத்துச் சனம் பாதி இருந்தது, நானும் இருந்தேன். தங்கச்சி பெரியவளாகி, சடங்குக்காக உள்ளே மணையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா மட்டும் இல்லை. சொந்தக்காரர்களை ஏற்றிவர வேனை எடுத்துக்கொண்டு ராகலை டவுனுக்குப் போயிருந்தார். கையில் பிடித்து வேலை செய்யப்போகிற ஒரே ஆள் இல்லாத நேரத்தில்தான் அந்தச் சாமான்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

தாய்மாமன் சீர் என்றால் பட்டுச் சேலை, பழத் தட்டு, முடிந்தால் ஒரு பவுனில் ஏதாவது. மாமாவின் சீரில் சேலையும் பழமும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தது சிவப்பு நிற எயார் கம்ப்ரஷர் ஒன்று. அதன் கைப்பிடியில் செவ்வந்தி மாலை. காற்றுத் தொட்டியின் வயிற்றில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். அதற்கும் பின்னால் மாமா, வெற்றிலைத் தட்டில் நட்டுக் கழற்றுகிற எயார் கன்னைத் தேங்காயோடு சேர்த்துவைத்து, சாமி தூக்கிவருகிற மாதிரி நடந்து வந்தார். சனம் வாயைப் பிளந்தது. அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தேன். மேலே பளபளத்த சிவப்புக்குக் கீழே, துருவின் மேலேயே அடித்த பெயின்ட் பொருக்குப் பொருக்காக நின்றது.

நான் இதை அன்போடு எழுதவில்லை. அம்மாவின் அண்ணன் அவர், எங்கள் குடும்பத்தில் முதலில் மலையை விட்டு இறங்கிக் கொழும்பில் நின்றவர், அதெல்லாம் உண்மை. பழைய வாகனச் சாமான் விற்கும் கடையொன்றில் அவர் மேற்பார்வைக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை மேலே வருவார். வந்தால் எங்கள் தேநீர் சாயம், எங்கள் கூரை ஒழுகல், எங்கள் அப்பா பயந்தாங்கொள்ளி, எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தால் அம்மாவும் சிரிப்பார். அதை நான் சின்ன வயதிலிருந்தே வெறுத்தேன்.

அப்பா தோட்டத்தில் வேலை முடிந்து வந்த சேமலாப நிதியில் வாங்கியது அந்த வேன். மேல் டிவிசன் பிள்ளைகளைக் காலையில் ராகலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார், மதியம் இறக்கிவிடுவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஓட்டத்தால்தான். ஒவ்வொரு சின்னப் பழுதுக்கும் டவுன் கராஜில் வேனை விட்டால் அன்றைய ஓட்டம் போகும், பிள்ளைகள் நடக்கவேண்டி வரும். அதனால் சில்லறை வேலைகளை வீட்டிலேயே செய்யலாம் என்று அப்பா ஆசைப்பட்டார். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். படித்தது தொழில்நுட்பப் பிரிவு. வேனோடு வந்த ஆங்கிலக் கையேட்டை வரி வரியாக அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதனால் என்ன சாமான் வாங்குவது என்று யோசிக்கிற பொறுப்பையும் அப்பா எனக்கே தந்திருந்தார்.

நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். பிரேக் சூ மாற்றுவது, டயரைக் கழற்றிப் பூட்டுவது, எண்ணெய் மாற்றுவது, பெல்ட் இறுக்குவது, அப்பா செய்யக்கூடியது இவ்வளவுதான். இதற்குக் காற்று வேண்டியதில்லை, நல்ல கைச்சாமான் போதும். நட்டின் தலையில் மாட்டித் திருப்புகிற ஆறு மூலை சொக்கட் செட் ஒன்று. பன்னிரண்டு மூலை உள்ளது பழைய நட்டின் முனையை மழுக்கிவிடும். ஒழுங்கான ரிங் ஸ்பேனர்கள். வண்டியைத் தாங்க இரண்டு இரும்பு முட்டு, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்கிறவன் முட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டோர்க் ரென்ச், அதாவது நட்டு இறுகவேண்டிய அளவு இறுகியதும் ‘டக்’ என்று சொல்லிவிடுகிற ஸ்பேனர். எயார் கன் கெட்ட சாமான் என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுக்க டயர் மாற்றுகிற கடைக்கு அது வேண்டும். அங்கே ஆள் உயரத் தொட்டி இருக்கும், நல்ல கரன்ட் இருக்கும், கடைசியில் கையால் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க ஆளும் இருக்கும். எங்கள் லயத்துக்கு வருவதோ இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போட்டால் பல்பே மஞ்சளாகிவிடும்.

இதையெல்லாம் அம்மா போனில் மாமாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், மகன் எவ்வளவு யோசிக்கிறான் பாருங்கள் என்று. மாமா உடனே போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“என்னா மருமவனே, ஸ்பேனர் வாங்கப் போறியாம்? இந்தக் காலத்துல எவன்டா கையால நட்டுக் கழட்டுறான்? புஸ்தகத்துல போட்டுருக்கா?”

“போட்டிருக்கு மாமா. வீல் நட்டுக்கு அளவு இருக்கு.”

“அளவு கிளவுன்னு பொண்ணு ஜாக்கெட்டா தைக்கிற? ஒன்னும் வாங்காதீங்க. நா பாத்துக்கிறேன்.”

அவர் பார்த்துக்கொள்வார் என்று சாமானுக்கு எடுத்துவைத்திருந்த காசு சடங்குச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

எங்கள் ஆட்களிடம் சீருக்குச் சட்டம் உண்டு, யாரும் எழுதிவைக்காத சட்டம். சீராக வந்ததைத் திருப்பக்கூடாது. விற்கக்கூடாது. மூலையில் போட்டால் கொண்டுவந்தவரை மூலையில் போட்டது மாதிரி. கடையில் வாங்கிய சாமான் என்றால் சரிவராது என்று மாற்றிவிடலாம். மாலை போட்டு மேளத்தோடு வந்த சாமானை என்ன செய்வது? உலகத்தில் வேறு யாராவது கம்ப்ரஷருக்கு இப்படிக் கட்டுப்பட்டிருப்பார்களா என்று தெரியாது. நாங்கள் கட்டுப்பட்டோம்.

சடங்கு முடிந்தும் மாமா போகவில்லை. சீர் கொண்டுவந்தவர் கையாலேயே அதைத் தொடக்கிவைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேனை லயத்து முன்னால் நிறுத்தி, மாமாவும் அப்பாவும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் சூ மாற்றினார்கள். கழற்றுகிறபோது எயார் கன் கத்திய கத்தலில் கோழிகள் தேயிலைச் செடிகளுக்குள் ஓடின. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். கன்னுக்கு மாமா போட்டிருந்தது கையால் திருப்புகிற வெள்ளிப் பூச்சு சொக்கட். அடி வாங்குகிற வேலைக்குக் கறுத்த, தடித்த சொக்கட்தான் போடவேண்டும். இரண்டாவது சக்கரத்திலேயே அதில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்துவிட்டது. சொன்னேன். “ஒனக்குக் கண்ணு ரொம்ப நல்லாருக்குடா, சுருக்காப் பொண்ணு பாத்துரலாம்” என்றார். சனம் சிரித்தது.

திருப்பிப் பூட்டத் தொடங்கும்போது இருட்டிக்கொண்டு வந்தது, லயத்தில் அடுப்படி வேலை தொடங்கிவிட்டது. தொட்டி சின்னது. முன் இடது சக்கரத்துக்கு முழுக் காற்றும் போய் நட்டுகள் கிறீச்சிட்டன. அதன் பிறகு மோட்டார் முக்கத் தொடங்கியது. காற்று நிரம்பும் வரை நிற்கவேண்டும், மாமா நிற்கவில்லை. பின் வலது சக்கரத்துக்கு வந்தபோது கன் சத்தம் போட்டதே தவிர, அதில் உரம் இல்லை. குழாய் முனையிலிருந்து தண்ணீர் தெறித்தது. எங்கள் மூடுபனிக் காற்றைப் பிடித்து அடைத்தால் தண்ணீர்தான் வரும்.

நான் வேனோடு வந்த பழைய வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தருகே குனிந்தேன்.

“அத வை கீழ” என்றார் மாமா. சிரிப்பு இல்லை. “நா இறுக்குனத நீ செக் பண்றியா? இத்தன பேரு முன்னுக்கா?”

“ஒரு சுத்து பாத்துட்டு வச்சிர்றேன் மாமா. புள்ளைங்க போற வண்டி.”

மாமா அம்மா பக்கம் திரும்பினார். “அக்கம்பக்கத்துல கேவலப்படுத்தத்தான் என்னையக் கூப்புட்டியா தங்கச்சி? சொல்லு, இப்பவே பஸ் ஏறிர்றேன்.”

அம்மா ஓடிவந்து என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினார். “விடுடா சாமி. எனக்குன்னு பொறந்த வீட்டுல இருக்கது அவரு ஒருத்தருதான்” என்று காதோடு சொன்னார். உள்ளே கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டார். அப்பா கம்ப்ரஷர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலையில், நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கட்டுமா என்று அப்பாவிடம் மறுபடியும் கேட்டேன். இஸ்தோப்பில் மாமா போர்வையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேணாம்யா. பாத்துக்கிட்டு இருக்காங்கள்ல” என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். வேன் இறங்கிப் போனது.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கீழேயிருக்கும் வளைவில் பின் வலது சக்கரம் தானாகக் கழன்று வேனுக்கு முன்னால் உருண்டு ஓடியதாம். அப்பாவே அதைப் பார்த்திருக்கிறார். வேன் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து ரோட்டோர வடிகானுக்குள் இறங்கி நின்றது. மற்றப் பக்கம் பள்ளம், அங்கே சாய்ந்திருந்தால் இதை எழுத எனக்கு மனம் இருந்திருக்காது. பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். கங்காணி வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் கை முறிந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் அழாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் இடது சக்கரத்தின் நட்டுகளைப் பிறகு கராஜில் குழாய் போட்டு இரண்டு பேர் ஏறி மிதித்தும் கழற்ற முடியவில்லை. ஒரே கன், ஒரே கை. ஒரு சக்கரம் கழலவே இல்லை, இன்னொன்று காத்திருக்கவே இல்லை.

போக்குவரத்துப் பொலிஸ்காரர் கழன்ற சக்கரத்தைக் காலால் தட்டிவிட்டு, டயரைப் பூட்டியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். மாமாவும் அங்கேதான் நின்றார். கொழும்பில் இருந்து இருந்து, எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சிங்களம் பேசுவார். அன்றைக்கு அவருக்குச் சிங்களம் மறந்துபோனது. அம்மா தன் அண்ணனைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“மம, சேர்” என்றார் அப்பா. நான்தான், ஐயா.

மாமா அன்று மதியமே பஸ் ஏறினார். ஏறும்போது என் தோளைத் தட்டி, “ஒங்கப்பனுக்கு வளைவுல பிரேக் புடிக்கத் தெரியல மருமவனே, புது சூன்னா அப்புடித்தான் இழுக்கும்” என்றார். இதைச் சொன்ன அந்த வாயை நான் மன்னிக்கப்போவதில்லை. வயசு ஆக ஆக மன்னிப்பு வரும் என்கிறார்கள். எனக்கு வயசு ஆகிறது, வரவில்லை.

வழக்கும் தண்டமும் வந்தன. அந்தப் பிள்ளையின் வைத்தியத்தை நாங்களே பார்த்தோம். அவளுடைய அப்பா எங்களைத் திட்டவில்லை, அடுத்த நாளிலிருந்து மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து வேறு வேனில் அனுப்பினார், அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஏறவும் இல்லை. உடைந்த வேனை அப்படியே விற்றோம். அப்பா இப்போது மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறார், வேறு யாரோ ஓட்டுகிற லொறியில் முட்டைக்கோவா மூட்டை ஏற்றுகிறார். அம்மாவிடம் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. ஆனால் பொலிஸ்காரர் முன்னால் அவர் கண்கள் இரண்டு பக்கமும் போய்வந்ததை நான் பார்த்தேன். ஒரு மனுஷியை அப்படி ஒரு இடத்தில் நிறுத்தியவர் மேல்தான் அந்தக் கோபமும் கடைசியில் போய் நிற்கிறது.

நான் இப்போது பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் முதல் சம்பளங்களில் ஆறு மூலை சொக்கட்டும் டோர்க் ரென்ச்சும் வாங்கினேன். பூட்டுவதற்கு எங்களிடம் வண்டி இல்லை. லயத்து ஆட்டோக்காரர்கள் இரவல் வாங்கிப்போகிறார்கள்.

போன மாதம் மாமாவின் கடைசி மகள் பெரியவளானாள். இப்போது அம்மா அத்தை, அத்தை முறைச் சீர் எங்களுடையது. வாங்கியதைவிட ஒரு படி கூடச் செய்யவேண்டும், அதுவும் எழுதாத சட்டம்தான். மாமா எங்களுக்குப் போன் எடுத்தார். “நா ஒன்னும் எதிர்பாக்கல தங்கச்சி. ஆனா அப்ப நா செஞ்சது மட்டும் தொண்ணூறாயிரம், ஞாபகம் இருக்கட்டும்.” துருவுக்குப் பெயின்ட் அடித்த தொட்டிக்கும் வெடித்த சொக்கட்டுக்கும் தொண்ணூறாயிரம். போகவேண்டாம் என்றேன் நான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, “ஒங்கம்மா அங்க தல நிமிந்து நிக்கணும்யா” என்றார். தங்கச்சி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மிச்சத்துக்கு என் பேரில் கடன் எடுத்தோம்.

கொழும்பு மண்டபத்தில் மாமா எங்களை முன் வரிசையில் உட்காரவைத்தார். அம்மா தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா அதிலிருந்த காசுக் கவரைப் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு, ஒலிபெருக்கிக்காரரின் காதில் சொன்னார். அவர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: “அத்தை வீட்டுச் சீர், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபா!”