ஃபரீதா மேடத்தின் முதல் வாக்கியம்

ஃபரீதா மேடம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. காலையில் எங்கள் நாவலூர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர். மேடத்தின் படம், அதன் முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி, கீழே கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே, "மறைந்தாலும் நம்மோடு! விரைவில் நம் ஆப்பில், அவர் குரலிலேயே ஸ்ட்ரெஸ் ரிலீஃப்" என்று ஒரு வரி. அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குழுவில் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது எனக்கு.

மாடம்பாக்கத்தில், அவருடைய தம்பியின் ஹார்ட்வேர் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் படியேறி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். படியில் யாராவது எதிர்ப்பட்டால் "குழாய் வாங்க வந்தேன்" என்பீர்கள். சேலையூர் தொடங்கி வேங்கைவாசல் வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லாமல் குழாய் ஒழுகியது போலிருக்கிறது. பல்வலி என்றால் ஊரறியக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறோம். தூக்கம் வரவில்லை, சிகரெட்டை விட முடியவில்லை, மனசு ஓய்ந்துவிட்டது என்றால் மட்டும் குழாய்.

மருத்துவமனை ஒன்றில் மனநல ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஹிப்னாடிசத்தை முறையாகப் படித்தவர். தெருவில் அவருக்கு வைத்த பெயர் வசியக்காரி. ஒருமுறை டீக்கடையில் ஒருவர் அப்படிச் சொல்ல, நான் சண்டைக்கே போய்விட்டேன். மேடத்திடம் வந்து மூச்சிரைக்கச் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்கு வசியம் தெரிஞ்சா, முதல்ல கடை வாசல்ல பைக்கை நிறுத்திட்டுப் போறவங்களை நகர வச்சிருப்பேனே, கோமதி."

நான் அவரிடம் போனது சர்க்கரை ஏறியதால். நாவலூரிலிருந்து மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து, பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்து சேரும்போது கையில் பேக்கரி பை இருக்கும். பப்ஸ், கேக், பெரிய பாட்டிலில் கூல் டிரிங்க். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தால், பை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டேன். அப்புறம் வீட்டில் இருக்கிறவர்கள் மேல் எரிந்து விழுவேன். டாக்டர் எச்சரித்துவிட்டார். ஊசலாடும் கடிகாரம், இருட்டறை என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. கதவு பாதி திறந்தே இருந்தது. கடையில் இரும்புப் பைப் இறக்குகிற சத்தம் மண்டையைப் பிளந்தது.

"மேடம், முதல்ல என் கோபத்தை எடுத்துடுங்க" என்றேன்.

"அதை ஏன் எடுக்கணும்? அது உங்ககிட்டயே இருக்கட்டும். நாம பேக்கரிப் பையை மட்டும் பார்ப்போம்" என்றார்.

அவர் வேலை செய்யும் முறையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை மாற்றத்தான் சிலர் துடிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கண்ணை மூடியிருப்பவரின் காதில் அவர் தன் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும், நம் வாயால், நம் பேச்சில். "நான் இளைக்கணும்" என்றேன். "அது ஆசை மா. என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க." நெடுநேரம் திணறிவிட்டு, "வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழட்டாம அப்படியே ஏரிக்கரைக்கு நடப்பேன்" என்றேன். "இது வாக்கியம்" என்றார். உடம்பு தளர்ந்து, பைப் சத்தம் எங்கோ தூரத்தில் போனபோது, அந்த வாக்கியம் எழுத்து மாறாமல் அவர் குரலில் திரும்பி வந்தது. என் போனிலேயே பதிவு செய்து கொடுத்தார். "மாத்திரையை விட்டுட்டு இதைக் கேட்டீங்கன்னா இங்க வராதீங்க" என்று மிரட்டியும் அனுப்பினார்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை அண்ணன், மாவா என்கிற புகையிலைப் பாக்கு போடும் பழக்கத்தை விட்டொழிக்க அவரிடம் வந்தவர். தானே என்னிடம் சொல்லிச் சிரித்தார். "மேடம் இன்னா கேட்டுச்சு தெரியுமா? கை பாக்கெட்டாண்ட போச்சுன்னா இன்னா பண்ணுவேன்னு. தண்ணி பாட்டலத் தூக்குவேன்னேன். கண்ண மூடிகினு கீறேன், அத்தயே சொல்லுது. 'பாட்டலத் தூக்குவேன்'னு, என்னை மாதிரியே! படிச்ச அம்மா வாயில அத்தக் கேக்கணுமே." அவர் நடுவில் ஒருமுறை தவறினார், மறுபடி படியேறினார். இப்போது அவர் ஆட்டோவில் ஸ்டியரிங் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முதலில் அவர் சொல்லும் வாக்கியம். நமக்காக அவர் வைத்திருந்த ஒரே சொந்த வாக்கியம். நம் போனில் பதிவு செய்து தந்ததும் அதில்தான் தொடங்கும். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பிடிக்கலைன்னா எப்ப வேணா கண்ணைத் திறந்துட்டு எழுந்து போயிடலாம். என்கிட்ட கேட்க வேண்டாம்."

எங்கள் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போனது நான்தான். ஊழியர்களுக்கு மன அழுத்தம் குறைய வகுப்பு வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். மேடம் வந்தார், கான்ஃபரன்ஸ் ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்தார், முதல் வாக்கியத்தைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், ஒரு பெண் நிஜமாகவே எழுந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மேடம் தலையசைத்து வழியனுப்பினார். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. வராதவர்கள் கேட்கட்டும் என்று ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்தார்கள்.

அப்புறம் ஒருநாள் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நானும் உடன் இருந்தேன். "அந்த ஃபர்ஸ்ட் லைனை மட்டும் கட் பண்ணிடலாம் மேடம். நெகட்டிவா இருக்கு. அதுக்குப் பதிலா, 'எவ்வளவு வேலை வந்தாலும் நான் அமைதியாக முடிப்பேன்'னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க" என்றார் மேனேஜர்.

"இதை அவங்கள்ல யாரு சொன்னாங்க?"

"நாங்க சொல்றோம். நாங்கதானே உங்க க்ளையன்ட்?"

"கண்ணை மூடுறவங்கதான் சார் என் க்ளையன்ட். ஆளுங்களைத் தூங்க விடாம வேலை வாங்குவீங்க, அதுக்கு நான் வந்து தாலாட்டுப் பாடணுமா?" மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதோடு நாவலூர் பக்கம் அவர் வரவில்லை. அந்தப் பதிவுகள் மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மதிய உணவு நேரத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடத்தின் ஒரே மகள் நஸ்ரினை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடத்தின் படத்துக்கு மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. மௌத்து நடந்த முஸ்லிம் வீட்டிலிருந்து வந்த பெண்ணின் கையில் தீப்பெட்டியைக் கொடுத்து விளக்கேற்றச் சொன்னார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை. அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் வந்தது. "எவ்வளவு வேலை வந்தாலும் நான் அமைதியாக முடிப்பேன்." அவர் ஒருநாளும் சொல்லாத வாக்கியம். பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அந்தக் குரலைத் தயாரித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது முடியாது என்றவரை, செத்தபிறகு சொல்ல வைத்துவிட்டார்கள். நஸ்ரின் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா போனபிறகு அந்தக் குரலை அப்போதுதான் கேட்கிறாள். மேனேஜர் குனிந்து, "பாருங்கம்மா, உங்க அம்மா எங்கயும் போகல. நீங்க ஒரு ஓகே சொன்னா போதும், ஆப்பில போட்டுடுவோம்" என்றார். அவள் தலை மெல்ல அசையத் தொடங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அதனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இதையும் ஒருதடவை கேட்டுடும்மா" என்று என் போனைக் காதில் வைத்தேன்.

பின்னால் பைப் இறக்கும் சத்தம். அதன் மேல் மேடம். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்..."

நஸ்ரின் முழுதாகக் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜரைப் பார்த்து, "இந்த வரி உங்க ஆப்புல இருக்கா சார்?" என்றாள்.

"அது... யூசர்ஸ் பாதியில போயிடுவாங்கம்மா."

அவள் தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "எங்கம்மா குரலை நான் தரல" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை, எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

உங்கள் போன்களிலும் அந்தக் குரல் இருக்கிறது. யார் வந்து எவ்வளவு இனிக்க இனிக்கக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். குழாய் வாங்கத்தான் போனேன் என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பொய்யாவது ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என் வாக்கியம்தான். இன்றைக்கும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஏரிக்கரைக்கு நடந்தேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. கோபம் இறங்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும் என்றுதான் மேடமும் சொன்னார்.