மீன் முதலாளி வீட்டு டின்மீன்

நளீமுக்கு டின்மீன் என்றால் உயிர். சம்மாந்துறையில் அவன் இருந்தவரைக்கும் இதை யாரும் ஒரு செய்தியாக எடுக்கவில்லை. வயலை நம்பி வாழ்கிற ஊர் அது. விதைப்புக் காலத்தில் வயல் வட்டைக்குள் போகிறவர்கள் வாடிக் குடிசையிலேயே படுத்து எழும்பித் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அரிசி, தேங்காய், வெங்காயத்தோடு சில டின்களையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். வயல் நடுவில் மீன்காரனுக்கு எங்கே போவது? டின்னை உடைத்துச் சட்டியில் கவிழ்த்து, வெங்காயமும் காரத்துக்குப் பச்சைக் கொச்சிக்காயும் அரிந்து போட்டு, இறக்கும்போது புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தால் சோற்றுக்கு ஆணம் தயார். வாப்பாவோடு வயலுக்குப் போன காலத்திலேயே நளீமின் நாக்கு அந்த ருசிக்குப் பழகிவிட்டது.

அதிலும் அவனுக்குப் பிடித்தது மீன்துண்டின் நடுவில் இருக்கிற முள். பச்சை மீனில் அது தொண்டையைக் கிழிக்கும். டின்மீனில் அதுவே நாக்கில் வைத்ததும் பொடிந்துபோகும். சட்டிக்குள் விரலை விட்டு நடுமுள்ளை மட்டும் தேடி எடுத்துவிடுவான் என்று வீட்டில் அவன் மேல் ஒரு பழைய வழக்கு இருந்தது. அது பொய் வழக்கு இல்லை.

படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. அக்கரைப்பற்றில் ஒருவரிடம் மோட்டர் திருத்தப் பழகினான். பிறகு கல்முனைப் பிரதான வீதியில் சின்னதாக ஒரு கடை போட்டு, எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தான். கைவேலை சுத்தம், ஆள் அமைதி. அப்படிப்பட்டவனுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வராமல் இருப்பார்களா? வந்தவர் கல்முனைக்குடி மீராமுகைதீன். சொந்தமாகக் கரைவலையும் தோணியும் வைத்து, விடிந்ததும் கடற்கரையில் நின்று மீனுக்கு விலை சொல்கிற மனிதர். ஊருக்கே அவர் மீன் முதலாளி.

இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நளீமும் போனான். முதல் நாள் விருந்திலேயே அவனுடைய தட்டில் ஒரு பாரை மீனின் தலையைத் தூக்கி வைத்தார்கள். அது பெரிய மரியாதை. வயற்காட்டுப் பிள்ளைக்கு அந்த மரியாதையை எந்தப் பக்கத்தால் பிய்ப்பது என்று தெரியவில்லை. முள் தொண்டையில் ஏறிவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கினான், வாழைப்பழத்தை மென்று விழுங்கினான், கண்ணில் தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து மீனைக் கண்டால் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு உதறல்.

இங்கே ஒரு சிக்கல். அந்தப் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது வழக்கமில்லை. மாமி ஸகியா கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பார். மகள் றிபாவிடம்தான் எதையும் சொல்வார், றிபாவிடம்தான் எதையும் கேட்பார். திரை இடுக்கால் அவர் பார்த்ததெல்லாம், மருமகன் மீனைக் கிளறிக் கிளறி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழும்புகிறான் என்பதுதான். மீன் சின்னதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் பெரிய மீன் வாங்குவித்தார். அதையும் அவன் ஒதுக்க, அதைவிடப் பெரியது வந்தது. மீன் பெருக்கப் பெருக்க முள்ளும் பெருத்தது. அன்பு செலுத்துவதில் இந்த வீட்டாரை வெல்ல முடியாது, பாவம், அது எங்கே போய்க் குத்துகிறது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

றிபாவிடம் சொல்லலாம் என்று ஒருநாள் வாயைத் திறந்தான். முள்ளுக்குப் பயம் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம் விடவில்லை. அதனால் பேச்சை வேறு பக்கமாகத் தொடங்கினான்.

"இந்த வூட்டுல டின்மீன் ஆக்குறல்லையா?"

றிபா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மெல்லக் கதைங்க. வாப்பாக்கு அந்தப் பேரே ஆகாது. டின்ன வூட்டுக்குள்ள எடுக்க உடமாட்டாரு."

"ஏன்?"

"எனக்குத் தெரியா. நான் அறிஞ்ச நாள்ல இருந்து அப்பிடித்தான்."

மீன் முதலாளிக்கு அது கௌரவப் பிரச்சினையாக்கும் என்று நளீம் முடிவுகட்டிக்கொண்டான். அத்தோடு அந்தப் பேச்சை விட்டான். ஆனால் நாக்கு விடவில்லையே.

மத்தியானச் சாப்பாட்டை மாமி அடுக்குச்சட்டியில் கடைக்கு அனுப்புவார். பக்கத்துக் கடை ஸிராஜ் தையற்காரன், நல்ல சாப்பாட்டுப் பிரியன். இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அடுக்குச்சட்டி ஸிராஜுக்கு. நளீம் பேக்கரியில் ஒரு றாத்தல் பாணும் பெட்டிக்கடையில் ஒரு டின்னும் வாங்கிக்கொள்வான். வெங்காயமும் கொச்சிக்காயும் அரிந்து, தேசிக்காய் பிழிந்து, டின்மீனை விரலால் பிசைந்து, பாணில் வைத்துத் தின்பான். நடுமுள் வாயில் பொடியும்போது அவனுக்கு யார் மேலும் ஒரு குறையும் இருக்காது. மாதங்கள் போயின. ஸிராஜ் தன்னுடைய சட்டைகளையே பிரித்துப் பெரிதாக்கித் தைக்க வேண்டிய அளவுக்கு வந்தான்.

ஒருநாள் கரைவலையில் நல்ல அறுக்குளா மீன் பட்டது. சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று மீராமுகைதீன் பையோடு மருமகனின் கடைக்கு வந்தார். மத்தியான நேரம். வாசலில் நின்றபடியே அவர் கண்டது இதுதான்: தன் வீட்டு அடுக்குச்சட்டியைத் தையற்காரன் திறந்து வைத்து மீன்தலையை உறிஞ்சுகிறான், தன் மருமகன் டின்னின் அடியைப் பாண்துண்டால் துடைக்கிறான்.

"மருமகன், இது என்ன?"

"டின்மீன் மாமா."

"வூட்டுல இருந்து சோறு வரல்லையா?"

நளீம் வாய் திறக்குமுன் ஸிராஜ் உதவிக்கு வந்தான். சில உதவிகள் வராமல் இருப்பதே உதவி. "முதலாளி, உங்கட வூட்டு மீனாணம் மாதிரி நான் எங்கயும் திண்டதில்ல. அல்லா அறிய, ஒரு நாளும் மிச்சம் வெச்சதில்ல."

ஒரு நாளும் என்ற சொல் மீராமுகைதீனின் முகத்தில் போய் விழுந்தது. மீன் பையை மேசையில் வைத்தார். "உம்மாக்குக் குடுங்க" என்றார். திரும்பி நடந்துவிட்டார். பெண் வீட்டுச் சோற்றை ஒருவன் ஊரானுக்குக் கொடுத்தால், அந்த வீட்டில் இருக்க அவனுக்கு விருப்பமில்லை என்றுதான் அங்கே அர்த்தம். அதை வாயால் சொல்லத் தேவையில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு விரித்த பாயில் நளீம் தனியாக உட்கார்ந்தான். மாமனும் மருமகனும் ஒரே பாயில் சாப்பிடுவது வழக்கம். மாமா பிறகு சாப்பிடுவாராம். அடுத்த நாளும் பிறகு சாப்பிடுவாராம். அது அப்படியே நீண்டது. திரைக்குப் பின்னால் மாமியின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. றிபா நிறைமாதக் கர்ப்பிணி. அவள் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக் களைத்துப்போனாள்.

"வாப்பா உங்களோட ஒரு பாயில குந்தாட்டி, நாம இந்த வூட்டுல எப்பிடி இரிக்கிற?" என்று அழுதாள். "புள்ளயப் பெத்ததும் சம்மாந்துறையில ஒரு வாடகை வூடு பாருங்க."

நளீம் பார்க்கவும் தொடங்கினான். ஆனால் மனம் ஓடவில்லை. அந்த வீட்டை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மழை வரப் போகிறதென்றால் அவனுடைய காயப்போட்ட சட்டையை மாமி முதலில் எடுத்து வைப்பார். கடை தொடங்கிய கடனை ஒரு வார்த்தை கேட்காமல் மாமா அடைத்திருந்தார். இப்படிப்பட்டவர்களைவிட்டு ஒரு டின்னுக்காகப் போவதா என்று தன்னையே திட்டிக்கொண்டான். போய்ச் சொல்லவும் துணிவில்லை.

மாரி மழை உச்சத்தில் இருந்தபோது றிபாவுக்கு நோவு கண்டது. கடல் கொந்தளித்து ஒரு தோணியும் இறங்கவில்லை, சந்தையில் ஒரு கீரி மீன்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் காலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மாமியின் தங்கை மர்ஷூதா றிபாவோடு நின்றுகொள்ள, மாமி பத்தியச் சோறு ஆக்க வீட்டுக்குப் போனார். மீராமுகைதீன் சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்லப் போனார். மத்தியானம் நளீம் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான், குளித்தான், பாயில் உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த மணம் வந்தது.

அவன் நம்பவில்லை. பசி மயக்கம் என்று நினைத்தான். திரைக்கு அடியால் மாமியின் கை நீண்டு ஒரு தட்டை வைத்தது. சுடுசோறு. பக்கத்தில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தக்காளியும் போட்டு வதக்கிய டின்மீன். நளீம் பிஸ்மி சொல்லிக் கை வைத்தான். அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம். அடுத்து அவன் பார்த்தபோது தட்டில் ஒன்றும் இல்லை.

இன்னும் வேண்டும். யாரிடம் கேட்பது? மற்ற நாளென்றால் திரைக்குப் பின்னால் இருந்து, "புள்ள, அவருக்குச் சோறு காணுமா கேளு" என்று குரல் வரும். இன்றைக்குக் கேட்கப் புள்ள இல்லை, அவள் ஆஸ்பத்திரியில் தன் புள்ளையோடு கிடக்கிறாள். நளீம் வெறும் தட்டில் விரலை வைத்தபடி இருந்தான். உள்ளே மாமியின் காப்பு ஒருமுறை சத்தமிட்டு அடங்கியது. கூரையில் மழை கொட்டியது. பிறகு திரை விலகியது.

"மகன், இன்னும் கொஞ்சம் போடட்டா?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனைப் பார்த்து மாமி கதைத்த முதல் வார்த்தை அது. நளீம் தட்டைத் திரைப் பக்கம் நகர்த்தினான்.

"ஓம் மாமி."

தலைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சட்டியோடு வெளியே வந்தார். சோறு போட்டார். சட்டிக்குள் அகப்பையால் தேடி நடுமுள் துண்டுகளைப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தார். பிறகு கொஞ்சம் தள்ளிக் கதவோரம் குந்தினார்.

"குறை நினைக்காதீங்க. கடல்ல மீனில்ல. இதத்தான் ஆக்கின."

"மாமி, எனக்கு இதுதான் விருப்பம்." அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. "எனக்கு முள்ளுக்குப் பயம் மாமி. அதுதான் மீன ஒதுக்கின. உங்கட ஆணத்துல ஒரு குறையுமில்ல."

மாமி அவனையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்லிரிக்கலாமே."

"ஆருக்கிட்டச் சொல்லுற மாமி?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். டின் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, அவரே சொன்னார். அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் எப்போதும் ஒளித்து வைத்திருப்பாராம். மாமா கடற்கரைக்குப் போன பிறகு தனக்கு மட்டும் ஆக்கித் தின்பாராம்.

"சுனாமி வந்த மாரியில இஸ்கூல்லதான் கெடந்தம். கடல் எத்தின பேரக் கொண்டு போச்சி. அதுல புடிச்ச மீனத் திங்க ஆருக்கும் மனசு வரல்ல. றிபா கைக்குள்ள இரிந்த புள்ள. டின்ல உள்ள நடுமுள்ள மசிச்சித்தான் அவளுக்குக் குடுத்த. அதத் திண்டு வளந்தவதான் இண்டைக்கு ஒரு புள்ளயப் பெத்திரிக்கா. எனக்கு டின்னக் கண்டா அல்லாவுக்கு ஷுக்ர் சொல்லத்தான் மனசு வரும். உங்கட மாமாக்கு அப்பிடியில்ல. வலையும் போய், தோணியும் போய், ஊருக்கு மீன் குடுத்த கைய நிவாரண டின்னுக்கு வரிசையில நிண்டு நீட்டினாரு. அதுக்குப் பொறகு அவருக்கு டின்னக் கண்ணுல காட்ட ஏலா."

நளீம் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைக்கு வந்த மாமாவுக்கு அந்த மேசையில் என்ன தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. மீராமுகைதீன் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவர் அப்படியே நின்றார். மணம் சொல்லிக்கொடுத்துவிட்டது. பாயைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். நளீம் எழும்பப் போனான்.

"இரிங்க மகன்" என்றார் மாமி. பிறகு புருசனிடம், "மீனில்ல. இதான் இரிக்கி" என்றார்.

மீராமுகைதீன் தொப்பியை மாட்டினார். பின்பக்கம் போய்க் கை கழுவினார். வந்து அதே பாயில், மருமகனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"போடு."

முதல் பிடி சோறு அவருடைய வாயில் வெகுநேரம் இருந்தது. பிறகு விழுங்கினார்.

"தக்காளி போட்டிரிக்கியா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஓம்."

"அப்ப இஸ்கூல்ல போடல்லையே."

"அப்ப தக்காளிக்கு எங்க போற?" என்றார் ஸகியா.

அவர் தலையை ஆட்டினார். இன்னொரு பிடி எடுத்தார், அதற்குப் பிறகு இன்னொன்று. தட்டில் ஒரு நடுமுள் அகப்பட்டது. முழுசாக, உடையாமல் வந்திருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நளீமின் தட்டில் வைத்தார்.

"திண்ணுங்க மருமகன். இப்பயே திண்டுபோடுங்க" என்றார். "உங்கட மகளுக்குப் பல்லு முளைச்சிட்டா, இந்த வூட்டுல இது உங்களுக்குக் கெடைக்கிறதில்ல."

நளீம் அதை எடுத்து வாயில் போட்டான்.