ஏசிக்குத் தைத்த பனியன்

நேற்று எங்கள் வீட்டுப் பழைய ஏசியைக் கழற்றினார்கள். புதுசு அட்டைப்பெட்டிக்குள் ஹாலில் படுத்திருந்தது. பெட்டியின் மேல் இருந்த அம்புக்குறி வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். அது டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கவலையிலேயே எனக்குக் காலையிலிருந்து நாலு தடவை வியர்த்துவிட்டது. ஏசி வாங்கியும் வியர்க்கிற ஆள் நம் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடையில் வாங்கும்போதே அப்படித்தான். "ரூம் எத்தனை அடிக்கு எத்தனைங்க சார்? மேல மொட்டை மாடிங்களா? வெயில் எந்தப் பக்கம் அடிக்குமுங்க?" என்று கடைப் பெண் கேட்டுக்கொண்டே போக, நான் திருதிருவென்று விழித்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகக் காலம் தள்ளியவன் நான். எஸ்ஸா, எம்மா, எக்ஸ்எல்லா என்று கேட்டிருந்தால் அந்த அறையைக் கண்ணாலேயே அளந்து சொல்லியிருப்பேன்.

"இது இன்வெர்ட்டர் ஏசிங்க சார். ஓடறதே தெரியாது."

"ஓடறதே தெரியாதுன்னா, ஓடலைன்னா மட்டும் எப்படிங்க தெரியும்?" என்றேன். செல்வி என் காலை மிதித்தாள். செல்வி என் மனைவி. காலை மிதிக்கும் உரிமை அவளுக்குத்தான் உண்டு.

மாட்ட வந்தவர்களில் மூத்தவர் ஒடிசாக்காரர். நெற்றியில் பொட்டும் வாயில் நம்ம ஊர்த் தமிழும் வைத்திருந்தார். பழசின் முன்மூடியை அவர் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. ஈரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிய பஞ்சு வாசம். எல்லா ஊரிலும் தூசி மண் நிறமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் அதற்கு மேல் கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் ஊதா ஒட்டியிருக்கும். அந்தந்த வருசம் வெளிநாட்டுக்காரன் பனியனுக்கு என்ன கலர் கேட்டானோ, அது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் படியும். வடிகட்டியில் மெத்தை மாதிரி படிந்திருந்ததை ஒடிசாக்காரர் இரண்டு விரலால் உரித்து எடுத்தார். எனக்கு அந்த லைன் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் லைன் வீட்டில் இருந்ததுண்டா? ஒரே சுவர், ஒரே கூரை, நடுநடுவே கதவுகள். அப்படி ஒரு வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. மேலே சிமெண்ட் சீட்டு. பின்னால் வேஸ்ட் குடோன். கட்டிங் மிச்சத்தைப் பிரித்துப் பஞ்சாக்குகிற இடம். காற்றடித்தால் எங்கள் முற்றத்தில் பஞ்சு மழை. அந்த வீட்டில்தான், கல்யாணமான புதிதில், கோயில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த செல்வியைக் குடிவைத்தேன். பல்லடம் ரோட்டு மில்லில் அவளுக்கு நைட் ஷிப்ட். எனக்குக் கம்பெனியில் பகல் வேலை. அவள் வரும்போது நான் கிளம்புவேன். நாங்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் வாசற்படியில்தான்.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சித்திரை வெயிலில் சீட்டு சூடேறி, பத்து மணிக்கே அறை வாணலி மாதிரி ஆகிவிடும். ஈரத்துண்டைப் போர்த்துக்கொண்டு புரண்டாள். தண்ணீர் தெளித்த தரையில் படுத்தாள். ராத்திரி மில்லில் நின்றபடியே கண் சொருகி, ஓடுகிற மெஷின் மேல் சாயப் போனவளைப் பக்கத்து வீட்டு மேரியக்காதான் பிடித்து இழுத்தாராம். அவருக்கும் அதே மில், அதே ஷிப்ட்.

"மில்லுக்குள்ள நூலுக்குப் பன்னீர் தெளிச்ச மாதிரி குளுகுளுன்னு வச்சிருக்காக. நூலு அந்துறக் கூடாதாம். மனுசி அந்தா பரவால்லியாம்" என்றாள் செல்வி. அப்புறம் சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்கிற குரலில் சொன்னாள்: "இந்த மாசம் பாப்பேன். தூக்கம் வரலைன்னா எங்க ஊருக்குப் போயிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறவன் நான். எங்களுக்குள் வேலைப் பிரிவினை அப்படி.

என் பதற்றத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் சத்தம் போட்டுப் பதறுகிறவன் இல்லை, ஜோக்கடித்துக்கொண்டே பதறுகிறவன். அந்த மாதம் கம்பெனியில் நான் அடித்த ஜோக்குகளுக்கு ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். மொதலாளி மட்டும், "ஏனப்பா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் ஆபீஸ் ரூமில் பழைய ஜன்னல் ஏசியை எடுத்துவிட்டுப் புது மாடல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "இதைக் கொண்டுபோய் மாட்டிக்க. புள்ளை தூங்கட்டும்" என்றார்.

அதை மாட்டியது குமாரண்ணன். கம்பெனி ஏசிகளுக்கெல்லாம் வைத்தியர். எந்நேரமும் வெற்றிலை வாய். சுவரில் ஓட்டை போட்டு, மரச்சட்டம் அடித்து, சீட்டுக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டி, இண்டு இடுக்கெல்லாம் துணி வேஸ்ட்டைத் திணித்தார். அவர் இடிக்க இடிக்க, மொத்த லைன் வீடும் சரிந்து விழுவதாக எனக்குத் தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று செல்வியின் டிரங்குப் பெட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தேன். "பெட்டியக் காப்பாத்திட்டீங்க. சம்சாரம் உள்ளதானுங்க இருக்குது?" என்றார் குமாரண்ணன்.

ஆன் செய்தார். ஒரு உறுமல், ஒரு நடுக்கம். அப்புறம் அந்தச் சத்தம் சமமாகி, நீண்டு, அறை முழுக்கப் பரவியது. செல்வி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். "மில்லு மாதிரியே இருக்கு" என்றாள். படுத்தாள். தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே நீளமான மத்தியானமாக நினைவில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்பு இன்டர்லாக் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தேன். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கார்த்திகை மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கதவை ஒருக்களித்தால் காலில் குளிர் வந்து நக்கும். இருட்டில் மெல்லமெல்லத் தலைகள் தெரியும். செல்வி, மேரியக்கா, வரிசையிலிருந்த மற்ற நைட் ஷிப்ட் பெண்கள் எல்லாரும் பாயோடு வந்துவிடுவார்கள். பகலில் ஒரு ராத்திரி நடந்துகொண்டிருக்கும். நான் அதற்கு வெளியே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் எங்கள் வரிசையில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். குக்கர் விசில் கத்தப் போனால் கரண்டியால் அமுக்குவார்கள். தயிர்க்காரர் எங்கள் சந்துக்குள் மட்டும் வாயைத் திறக்காமல் நடப்பார். பஞ்சு அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ஏசியின் நடுக்கம் முதுகெலும்பில் ஏறும். சோற்றைப் பிசைந்தபடி நானும் சொக்கிப் போவேன். தட்டு மடியில் சாய்ந்து, ரசத்தோடு வேலைக்குப் போன நாட்களும் உண்டு.

பூட்டிய ஏசி ரூமில் மூச்சு முட்டும் என்று கம்பெனியில் எவனோ சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து தினமும் உள்ளே போய், குனிந்து, செல்வியின் மூக்குக்கு நேராக விரலை நீட்டிப் பார்ப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "உசுரு இருக்கான்னா பாக்கீக?" பக்கத்துப் பாயிலிருந்து மேரியக்கா, "எனக்கும் ஒருவாட்டி பாத்துருங்க தம்பி. சந்தேகமாத்தான் இருக்கு" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பின்னாடி பஞ்சு அடைக்காம மட்டும் பாத்துக்குங்க" என்று குமாரண்ணன் சொல்லியிருந்தார். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏசியின் முதுகைப் பார்த்தேன். குடோன் பஞ்சு அதில் தாடியாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் எதைக் கண்டாலும் அதற்கு ஒரு உறை தைத்துவிடுவோம். மிக்ஸிக்கு, சிலிண்டருக்கு, ஸ்கூட்டர் சீட்டுக்கு என்று கட்பீஸ் இருக்கிற வரை தைப்போம். பனியனென்றால் காற்றோட்டம், காற்றோட்டமென்றால் பனியன். இதைச் சொல்லித்தானே உலகம் முழுக்க விற்கிறோம்? ஏசிக்கு மட்டும் மூச்சு முட்டுமா என்ன? டேப் வைத்து அளவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நல்ல வெள்ளைத் துணியில், தோள் இறக்கம் விட்டு, ஓவர்லாக் அடித்து, விளிம்புக்கு ரிப் பட்டி வைத்து ஒரு பனியன் தைத்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல பிட்டிங்.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து என்னைத் தேடிக் கம்பெனிக்கு ஆள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், லைன் வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. பெண்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே நின்றிருந்தார்கள், முகமெல்லாம் சிவந்து. செல்வி வேப்பமரத்தடியில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பையில் சேலைகள் இருந்தன.

"சாயங்காலம் மதுர பஸ்ஸு இருக்கு. போறேன்" என்றாள்.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு குமாரண்ணனைத் தேடினேன். எங்கோ ஒரு சாயப்பட்டறை ஆபீஸில் ஏணி மேல் நின்றவரை, ஏணியோடு பிடுங்கிக்கொண்டு வராத குறையாகக் கூட்டி வந்தேன். அவர் ஃபியூஸைப் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போனார். அப்புறம் அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க மாஸ்டர்... ஜட்டி தெக்கலீங்களா இதுக்கு?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். ஏசி தன் சூட்டை முதுகு வழியாகத்தான் வெளியே விடுமாம். நான் அதன் முதுகை இறுக்கிக் கட்டி, உள்ளேயே வேகவைத்திருந்தேன். பனியனைக் கழற்றி என் தோளில் போட்டார். இஸ்திரி போட்ட மாதிரி சுட்டது. "ஆறட்டும். அப்புறம் போட்டுப் பாக்கலாமுங்க. ஓடுனா உங்க அதிர்ஷ்டம்" என்றார். ஒரு மணி நேரம் இருக்கலாம். வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு பார்த்ததில்லை.

சுவிட்சைத் தட்டினார். உறுமியது. நடுங்கியது. ஓடியது.

சொல்லலாம் என்று மரத்தடிக்கு ஓடினேன். செல்வி உட்கார்ந்தபடியே, கட்டைப்பை மேல் தலையை வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. மேரியக்காவும் நானுமாக ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து எழுப்பி, நடத்திக் கூட்டிப்போனோம். பாயில் சாய்த்தபோது பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"பஸ்ஸு வந்துருச்சா?"

"இன்னும் வரல. நீ தூங்கு" என்றேன்.

தூங்கினாள். மதுரை பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. அன்று ஷிப்டுக்கு மேரியக்காதான் எழுப்பினார்.

அப்புறம் அந்த மில்லை மூடினார்கள். லைன் வீட்டை இடித்து, ஏதோ கம்பெனிக்கு வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். மேரியக்கா மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். குமாரண்ணனும் இப்போது இல்லை. எங்களுக்குச் சொந்த வீடு ஆயிற்று. எல்லார் வீட்டிலும் ஏசி ஆயிற்று. மத்தியானத்தில் சத்தம் போடாதே என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவரவர் கதவு சாத்தியிருக்கிறது.

புதுசை மாட்டி முடித்த ஒடிசாக்காரர், செல்வி கொடுத்த டீயை ஊதிக் குடித்தார். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாராம். ரயிலில் இடம் கிடைத்துவிட்டதாம். அந்தச் சந்தோசத்தில் கேட்டார்: "அக்கா, லீவுக்கு நீங்க ஊருக்குப் போகலீங்களா?"

எனக்கு, இத்தனை வருசத்துக்குப் பிறகும், நெஞ்சில் ஒரு சின்ன 'திக்'. செல்வி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எந்த ஊருக்குக் கண்ணு போறதுங்க?" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே.

அவள் அம்மா போய்ச் சேர்ந்ததும் தம்பி அந்த வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவர் அதைத் தீப்பெட்டிக் குடோன் ஆக்கியிருக்கிறார். கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினால் அவளுக்கு ஏற பஸ் இருக்கிறது. இறங்க இடம் இல்லை. அவள் டம்ளரைக் கழுவப் போனாள். புது ஏசி ஓடுகிறதா என்று பார்க்க நான் அதன் கீழே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.