நாத்தனாரின் கஞ்சிக் கும்பா

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியபோது, மன்னவனூரிலிருந்து டோலியில் கொடைக்கானலுக்குத் தூக்கிப் போனோம். உப்பை அறவே விடச் சொன்னார் வெள்ளைக்கார டாக்டர்.

வீடு திரும்பியதும் உப்புச் சட்டியைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டேன். ஆனாலும் வயிறு வற்றவில்லை. ஆயக்குடியிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார் மேல் எனக்குச் சந்தேகம். அண்ணன் முகம் வாடினால் தாங்க மாட்டாள். மத்தியானமானால் தன் கும்பாவோடு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கும்பாவை நான் தொடுமுன் அவளே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கள்ளத்தனம் இல்லாவிட்டால் இதெல்லாம் எதற்கு?

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்தியக் கஞ்சி குடிக்கிறவருக்கு என்ன சிரிப்பு? எச்சில் கையோடு எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன். அவள் கும்பாவை முந்தானையில் மறைத்தாள்.

“என்னத்தடி குடுக்குற அவருக்கு?”

இடக்கையால் பிடுங்கி ஒரு வாய் குடித்தேன். சப்பென்று இருந்தது. உப்பே இல்லை.

“ஒத்தையில குடிக்க அண்ணனுக்கு எறங்கல மதினி. அதான் நானும் இதையே குடிக்கேன். சொன்னா ஒங்களக் குத்திக்காட்டுன மாதிரி ஆயிரும்னு மறைச்சேன்.”

வயிறு வற்றாதது நோயின் குணம். அதையும் அவள் தலையில் போட்டிருந்தேன்.

அவரோ என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கருவாட்டுக் குழம்பு. உப்புக்குக் காவல் இருந்த எனக்கு, அந்த வாசம் தினமும் கதவிடுக்கு வழியாக அவரை எட்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.